நாலு பச்சைச் சரி

நேற்றிரவிலிருந்து எல்லா வட்ஸப் குழுமத்திலும் சுற்றிக்கொண்டிருக்கிற அந்த அட்டவணையை நான் இங்கே திரும்பப் போடப்போவதில்லை. எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் யார் யார் என்றும் பார்த்திருப்பீர்கள். பேஸ்போல் உலகத் தொடர், அதாவது நாலு ஆட்டம் முதலில் வெல்பவருக்குக் கிண்ணம் என்கிற இறுதித் தொடர், அதன் முதல் நாலு ஆட்டத்தையும் தொடங்கப்போகிற பிட்சர்களின் (பந்து வீசுபவர்களின்) பட்டியல். இடப்பக்கம் லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸ், வலப்பக்கம் எங்கள் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ். ஸ்நெல் - யெசாவேஜ், யமமோட்டோ - கோஸ்மன், கிளாஸ்னோ - ஷெர்ஸர், ஓட்டானி - பீபர். நாலு வரி, நாலிலும் இடப்பக்கத்துக்கே பச்சை நிறத்தில் சரி. "நாலு மாட்சில அலுவல் முடிஞ்சிடும், ரிக்கற் காசை மிச்சம் பிடியுங்கோ" என்று ஒரு புத்திமதி வேறு.

1993க்குப் பிறகு இப்போதுதான் ரொறன்ரோவுக்கு உலகத் தொடர் வந்திருக்கிறது. இன்றிரவு, 2025 ஒக்டோபர் 24, முதல் ஆட்டம். ஒரு பந்துகூட இன்னும் வீசவில்லை, அதற்குள் மரண அறிவித்தல் அடித்து ஒட்டிவிட்டார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். பிட்சரும் பிட்சரும் மோதுவதில்லை. ஸ்நெல் இன்றிரவு யெசாவேஜுக்கு ஒரு பந்தும் போடப்போவதில்லை, யெசாவேஜும் ஸ்நெல்லுக்குப் போடப்போவதில்லை. 2022 இலிருந்து அமெரிக்கன், நஷனல் என்ற இரண்டு லீக்கிலும் பிட்சர்கள் மட்டை பிடிப்பதே கிடையாது. (ஓட்டானி தனிப் பிறவி, அவரிடம் பிறகு வருகிறேன், அவருடன் எனக்கு வேறு கணக்கு இருக்கிறது.) ஸ்நெல் போடப்போவது மட்டை பிடிக்கிற எங்கள் ஸ்பிரிங்கருக்கு, குவெரேரோவுக்கு, கேர்க்குக்கு. இந்த வருடம் முழு லீக்கிலும் ஆகக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன, அதாவது மூன்று ஸ்ட்ரைக் விழுந்து பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலே ஆட்டமிழந்த, அணி எங்களுடையது. அது அந்த அட்டவணையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? இல்லை. ஏனென்றால் இரண்டு பெயரைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி யார் பெரியவர் என்று பார்ப்பது சுகமான வேலை.

ஸ்நெல் பெரிய ஆள் இல்லை என்று நான் சொன்னேனா? 2018, 2023 என்று இரண்டு லீக்கிலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர். போன வாரம் மில்வாக்கியில் எட்டு இன்னிங்ஸ், ஒரே ஒரு ஹிட், பத்து ஸ்ட்ரைக் அவுட், ஒரு வோக் (நாலு பிழையான பந்து போட்டால் எதிராளிக்கு இலவசமாக முதல் பேஸ்) கூட இல்லை. நானும் பார்த்தேன், பயந்தும் போனேன். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே ஸ்நெல்லின் கதையில் இன்னொரு இரவு இருக்கிறது, அதைச் சிரிப்புப் பொம்மைக்காரர்கள் மறந்துவிட்டார்கள், அல்லது அப்போது அவர்கள் ஆட்டமே பார்க்கவில்லை. 2020 உலகத் தொடர், ஆறாவது ஆட்டம். அப்போது அவர் டம்பா பேயில். எதிரே இதே டொட்ஜர்ஸ். ஆறாவது இன்னிங்ஸில் 1-0 முன்னிலை, ஒன்பது ஸ்ட்ரைக் அவுட், வீசியது 73 பந்து மட்டும். அடுத்து வரவேண்டிய மூக்கி பெட்ஸ் அன்று அவரிடம் இரண்டு தடவையும் ஸ்ட்ரைக் அவுட். மனேஜர் வெளியே வந்து பந்தை வாங்கிவிட்டார். ஒரே பிட்சரை மூன்றாவது சுற்று சந்தித்தால் அடிப்பார்கள் என்று கடதாசி, அதாவது புள்ளிவிவரம், சொன்னது, அவ்வளவுதான் காரணம். மாற்றி விட்டவரை பெட்ஸ் உடனேயே டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓடவைக்கும் அடி) அடித்தார், டம்பா பே 3-1 இல் தோற்றது, கிண்ணம் போனது. ஸ்நெல்லின் முகத்தை அன்று பார்த்தவர்கள் அட்டவணை தயாரிக்க மாட்டார்கள்.

எங்களுக்கு அது புதிதா என்ன? 2023 மினசோட்டாவில் எங்கள் பிட்சர் பெரியோஸ் நன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார், 47 பந்து, நாலாவது இன்னிங்ஸில் ஒரு வோக், உடனே எடுத்துவிட்டார்கள். 2-0 தோல்வி, வீட்டுக்கு வந்தோம். கடதாசி அன்றும் சரியாகத்தான் இருந்தது. ரன்தான் வரவில்லை.

சரி, எங்கள் பொடியனிடம் வருவோம். ட்ரே யெசாவேஜ், வயது 22. வருடத் தொடக்கத்தில் அடிமட்ட லீக்கில் டனீடினில் இருந்தவர், ஒவ்வொரு படியாக ஏறி செப்டெம்பர் நடுவில்தான் மேலே வந்தார். வழமையான பருவத்தில் ஆரம்பித்தது மூன்றே மூன்று ஆட்டம். அட்டவணையில் அவர் பெயருக்குக் கீழே அதைத்தான் சிவப்பில் போட்டிருக்கிறார்கள்: "அனுபவம்: 3". ஒக்டோபர் நொக்கவுட் சுற்றில் யாங்கீஸுக்கு எதிராக ஐந்தே கால்... இல்லை, ஐந்து இன்னிங்ஸும் ஒரு அவுட்டும் போட்டு ஒரு ஹிட் கூட விடாமல் பதினொரு பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினாரே, அது எங்கே போட்டிருக்கிறது?

"சியாட்டில் அவரை வெளுத்ததே" என்று ஒருவர் எழுதுவார், எனக்குத் தெரியும், யார் எழுதுவார் என்றும் தெரியும். ஆம் அண்ணை, வெளுத்தது. அடுத்த சுற்றில், சியாட்டிலுடனான தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸிலேயே ஹூலியோ ரொட்ரிகெஸ் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார், பொடியன் கணக்கில் ஐந்து ரன். பிறகு என்ன நடந்தது என்றும் எழுதுங்களேன். ஆறாவது ஆட்டம், தோற்றால் எல்லாம் முடிந்தது, அதே சியாட்டிலுக்கு எதிரே அதே பொடியன். மூன்றாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள், ஒரு அவுட், மட்டையோடு நிற்பது இந்த வருடம் 60 ஹோம் ரன் அடித்த கால் ராலே. என் வீட்டில் யாரும் மூச்சு விடவில்லை, மனைவி எழும்பிக் குசினிக்குள்ளே போய்விட்டாள், பார்க்க மாட்டாளாம். அந்த உயரத்திலிருந்து நேரே தலைக்கு மேலாகக் கை வருகிறது, பந்து கடைசி நேரத்தில் கீழே விழுகிறது, ராலே நிலத்தோடு அடிக்கிறார், டபுள் பிளே, ஒரே அடியில் இரண்டு பேர் அவுட். அடுத்த இன்னிங்ஸிலும் மூன்று பேஸிலும் ஆள், மறுபடி டபுள் பிளே. ஐந்தாவதிலும் ஒன்று. இதற்கு எந்தக் கட்டத்தில் சரி போடுவது?

22 வயதில் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் போட்டு உடைந்துபோன ரால்ஃப் பிரான்கா என்ற ஒருவர் 1947இல் இருந்தாராம், அதையும் ஒருவர் அனுப்பியிருக்கிறார். அவருக்கு 21. போகட்டும்.

அந்த "அனுபவம்: 3" தான் என்னை இரவு நித்திரை கொள்ள விடவில்லை, உண்மையைச் சொன்னால். இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் வேலைக்குப் போய்க் கேட்ட ஒரு அலுவலகம் ஞாபகத்துக்கு வந்தது. கொழும்பில் வருடக்கணக்காகக் கணக்குப் பகுதியில் இருந்துவிட்டு வந்தவன் நான், சேர்ட்டிபிக்கற் எல்லாம் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு வைத்திருந்தேன். அந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். படிவத்தில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்து ஒரு வெறும் கட்டத்தில் நிறுத்தினார். "கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ்?" பென்சிலால் அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம். பேரேடு ஒன்றைக் கையில் தந்து இதைச் செய்து காட்டு என்று சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் செய்து காட்டியிருப்பேன். கேட்கவில்லை. அவரில் எனக்கு இன்று கோபம் இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது "அதுதான் முதலே சொன்னனான்" என்று சிரித்தானே என் சொந்தக்காரன், அவனில்தான் இன்னும் இருக்கிறது. வெள்ளைக்காரி வட்டம் போட்டாள், எங்கள் ஆள் சிரிப்புப் போட்டான்.

"பேஸ்போலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்பவர்களுக்கு: ஒன்றுமில்லை. ஆனால் எழுதவேண்டும் போலிருந்தது.

புள்ளிவிவரத்துக்கு நான் எதிரி இல்லை. முழுவதையும் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான். 41 வயது ஷெர்ஸருக்கு இந்த வருட இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விடும் சராசரி ரன், குறைந்தால்தான் நல்லது) 5.19. யாங்கீஸ் தொடருக்கு அவரைச் சேர்க்கவே இல்லை. கடதாசிப்படி மனிதர் முடிந்த கதை. சியாட்டிலில் நாலாவது ஆட்டத்தில் எங்கள் மனேஜர் ஷ்னைடர் அவரை எடுக்க வெளியே வந்தபோது, மேட்டிலேயே நின்று கத்திக் கலைத்துவிட்டு, அடுத்து வந்த அரோசரேனாவை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினாரே! வந்த மனேஜர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். வென்றது நாங்கள், 8-2. அந்த வரியிலும் பச்சைச் சரி கிளாஸ்னோவுக்கே. போடட்டும்.

இப்போது ஓட்டானி. கடந்த வெள்ளி ஒரே ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸ் ரன் விடாமல் போட்டு, பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி, மூன்று ஹோம் ரன்னும் அடித்த மனிதரை நான் குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் 2023 டிசம்பரில், ஓட்டானி எங்கள் அணியில் சேர வருகிறார் என்ற கதையோடு ஒரு விமானம் கலிபோர்னியாவிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்ததே, இந்த ஊர் முழுக்க வேலையை விட்டுவிட்டு அதன் புள்ளியைத் திரையில் பின்தொடர்ந்ததே, கதவு திறந்தால் இறங்கியது வேறு ஒரு பணக்காரர்! மறுநாள் ஓட்டானி 700 மில்லியன் டொலருக்கு டொட்ஜர்ஸில். போன ஜனவரியில் ஜப்பான் பிட்சர் ரோகி சசாகியும் கடைசி வரை வந்து அங்கேயே போனார். யாருக்கு எங்கே விருப்பமோ அங்கே போகலாம், அது நியாயம். ஆனால் காசும் பெயரும் இருக்கிற பக்கம்தான் எப்போதும் வெல்லும் என்று ஸ்காபரோவில் இருந்துகொண்டு, மோர்ட்கேஜ் கட்டிக்கொண்டு, எங்கள் ஆட்கள் கைதட்டுவது எதற்கு என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

அப்புறம் அந்தக் கடைசிக் குற்றச்சாட்டு, "இப்ப வெல்லத் தொடங்கினதும் எல்லாரும் ஜேய்ஸ் ரசிகர்". போன வருடம் 74 வெற்றி, 88 தோல்வி, பிரிவில் கடைசி. அந்தக் கோடை முழுக்க நான் என்ன எழுதினேன் என்று கீழே உருட்டிப் பாருங்கள். லைக் போட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இன்றிரவு பார்க்கவேண்டியது யார் பெரிய பிட்சர் என்பதை அல்ல. ஸ்நெல்லின் பந்து எண்ணிக்கையைப் பாருங்கள். எங்கள் ஆட்கள் பவுல் (கோட்டுக்கு வெளியே) அடித்து அடித்து, வோக் வாங்கி, அவரை ஏழாவது இன்னிங்ஸுக்கு முன்னால் இறக்கிவிட்டால் டொட்ஜர்ஸின் புல்பென் (மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) கதவு திறக்கும். அதைத்தான் அவர்கள் ஒக்டோபர் முழுக்க மறைத்து வைத்திருக்கிறார்கள். மில்வாக்கிக்கு அந்தக் கதவைத் தட்டவே முடியவில்லை. எங்களால் முடியும் என்று நான் சத்தியம் பண்ணவில்லை, முயலுவார்கள் என்கிறேன்.

வீட்டுக்கு வருபவர்கள் எட்டு மணிக்கு முன்னமே வாருங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஆட்கள் வருகிறார்கள், கார் விட இடம் இருக்காது.