பால் ஒவ்வாமைக்கு ஆட்டுப்பால் மருந்தல்ல

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் அறிவுரை அடிக்கடி வருகிறது. "குழந்தைக்குப் பால் அலர்ஜி, என்ன செய்யலாம்?" என்று ஒரு தாய் கேட்பார். "ஆட்டுப்பாலுக்கு மாறிடுங்க, சரியாப் போயிடும்" என்று உடனே பதில் விழும், கூடவே பால்காரரின் எண்ணும். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. நான் ஆட்டுப்பாலுக்கு எதிரி இல்லை. எங்கள் வீட்டிலேயே வாங்குகிறோம்.

பால் அலர்ஜி என்பது பாலில் உள்ள புரதத்தை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்குவது. கேசீன் போன்ற அந்தப் புரதங்கள் பசுவுக்கும் வெள்ளாட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பசும்பால் அலர்ஜி உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது. எருமைப்பாலும் அப்படித்தான். உடம்பெல்லாம் தடிப்பது, உதடு வீங்குவது, சில குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் வரை போகும். பால்காரரிடம் சோதித்துப் பார்க்கிற விஷயமா இது? குழந்தை மருத்துவர் சொல்லாமல் ஒரு டம்ளர்கூடக் கொடுக்காதீர்கள்.

லாக்டோஸ் வேறு கதை. பால் குடித்தால் வயிறு உப்பி, கடமுடாவென்று கலக்கிப் போகிறவர்களுக்கு, பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் என்சைம் குறைவு. நம்மில் நிறைய பேருக்கு வயது ஏற ஏற அது குறைந்துவிடும். பசும்பாலில் 100 மில்லிக்கு சுமார் 4.7 கிராம் லாக்டோஸ் என்றால், ஆட்டுப்பாலில் 4.3 போல இருக்கும். இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு ஆவின் பாலைவிடப் பல மடங்கு விலை கொடுக்க வேண்டுமா? தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதியைப் பாக்டீரியாவே தின்றுவிடுகிறது. பலருக்குத் தயிரும் மோருமே போதும். கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல்.

ஆனாலும் "ஆட்டுப்பாலுக்கு மாறினேன், வயிறு லேசாகிவிட்டது" என்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அதில் ஆல்ஃபா எஸ்1 என்ற கேசீன் வகை குறைவு. வயிற்றில் கெட்டியாகத் திரளாமல் மெத்தென்று திரிகிறது. கொழுப்புத் துளிகளும் சின்னவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் குறைவு, அதனால் பசும்பால் போல ஆடை எளிதில் திரண்டு மேலே வருவதில்லை. அலர்ஜியும் இல்லை, லாக்டோஸ் தொல்லையும் பெரிதாக இல்லை, பசும்பால் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்பவர்கள் தாராளமாகக் குடித்துப் பார்க்கலாம்.

"அந்தக் காலத்தில் தாய்ப்பால் இல்லாத பிள்ளைக்கு ஆட்டுப்பால்தானே கொடுத்தோம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கொடுத்தார்கள், உண்மை. ஆனால் அதில் ரத்தம் ஊறத் தேவையான ஃபோலேட் என்ற பி வைட்டமின் மிகக் குறைவு. அதை மட்டுமே குடித்து வளர்ந்த குழந்தைகளுக்கு ரத்தசோகை வருவதை ஜெர்மன் மருத்துவர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே 'ஆட்டுப்பால் சோகை' என்று பெயரிட்டு எழுதிவிட்டார்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக வெறும் ஆட்டுப்பால் வேண்டவே வேண்டாம்.

இப்போது கண்ணாடி பாட்டிலில் 'காய்ச்சாத இயற்கைப் பால்' என்று வேறு விற்கிறார்கள். மால்டா தீவில் பிரிட்டிஷ் சிப்பாய்களை வாட்டிய காய்ச்சலின் கிருமியை டேவிட் புரூஸ் 1887-இல் கண்டுபிடித்தார். அது ஆடுகளிடமிருந்து வருகிறது என்பது 1905-இல்தான் தெரிந்தது. சிப்பாய்களுக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தியதும் காய்ச்சல் சட்டென்று குறைந்தது. அந்த புருசெல்லா கிருமி நம் ஊர் ஆடுகளிலும் உண்டு. பொங்கக் காய்ச்சினால் செத்துவிடும். யார் என்ன சொன்னாலும் பச்சையாகக் குடிக்காதீர்கள்.

வாங்குவதென்றால் எந்த ஆட்டின் பால், எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நம்முடைய கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு எல்லாம் கறிக்காக வளர்க்கப்படுபவை. குட்டி குடித்தது போக மிஞ்சுவது கொஞ்சம்தான். தலைச்சேரி, ஜமுனாபாரி போன்றவைதான் ஓரளவு கறப்பவை. கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவரிடம் வாங்கலாம். கிடாவைப் பக்கத்தில் கட்டி வைத்தால் பாலில் வாடை ஏறும், அதையும் விசாரியுங்கள். நல்ல பண்ணைப் பாலில் அந்த வாடை தெரிவதே இல்லை.

உறை ஊற்றினால் தயிர் தளர்வாகத்தான் தோயும். கத்தியால் வெட்டும் தயிர் கேட்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான். அதையே இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டு மோராக அடித்தால் மே மாத மத்தியானத்துக்கு அருமை. நாங்கள் பெரும்பாலும் அப்படித்தான் குடிக்கிறோம்.