பிற பண்பாட்டினரோடு பழகும் திறன் பிறவியிலேயே வருவதா?

"பிற பண்பாட்டினரோடு பழகும் திறன் மாணவிகளுக்குப் பிறவியிலேயே உண்டு, மாணவர்களுக்கு வரவே வராது" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

இந்தத் திறனை ஆய்வாளர்கள் பண்பாட்டு நுண்ணறிவு என்கிறார்கள். அந்தக் கருத்தை 2003இல் முன்வைத்த ஆய்வாளர்கள் கிறிஸ்டோபர் ஏர்லியும் சூன் ஆங்கும் அதைப் பழகப் பழக வளரும் திறன் என்றே சொன்னார்கள். அதை அளக்க 2007இல் வெளியான அளவுகோலில் 20 கூற்றுகள். சிங்கப்பூர், அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடம் சோதித்தது. ஒவ்வொரு கூற்றுக்கும் மாணவரே தனக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் போட வேண்டும்.

சரி, அது எதைக் காட்டும்? பெரும்பாலும், தன்னைப் பற்றி அவர் நினைப்பதைத்தான். தன்னடக்கத்தைப் போற்றும் ஊரில் வளர்ந்தவர் குறைத்தே போடலாம். அதனால் நாடுகளின் சராசரியை அப்படியே ஒப்பிடுவதும் சரியல்ல. ஆண், பெண் வேறுபாடோ ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. வெளிநாட்டில் தங்கிப் படித்தவர்களிடம் மதிப்பெண் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.