கட்டடத்துக்கு காசு இருக்கு, மிட்வைஃப் மிஸ்ஸுக்கு பஸ் காசு இல்ல

போன மாசம் இலங்கை மலையகத்துல நம்ம தேயிலைத் தோட்டத்துக்கு போயிருந்தேன், அன்னைக்கு பார்த்து அக்கா மகளுக்கு நிறை பாக்கிற நாள். பிள்ளைக் காம்பரா, அதான் வேலைக்கு போறவங்க புள்ளைங்கள விட்டுட்டு போற எடம், அங்க கூரை வளையில தராசு தொங்குது, புள்ளைய அதுல மாட்டினதும் அது கத்துன கத்துல மத்ததுகளும் சேந்து ஒப்பாரி. முள்ளு எட்டரை கிலோவுல நிக்கிது. ரெண்டு வயசு முடிஞ்ச புள்ள. கார்ட்ல புள்ளி ஒரேஞ்சு கலர்ல விழுந்திச்சி, நிறை பத்தாதுன்னு அர்த்தம். மிட்வைஃப் மிஸ் சிங்களத்துல என்னமோ நீளமா சொன்னாங்க, அக்கா தலைய தலைய ஆட்டிச்சி, வெளிய வந்து "என்னாடா சொன்னாங்க"ன்னு என்கிட்ட கேக்குது.

மிஸ்ஸ குத்தம் சொல்லல. பாவம் அவங்களும் காலையில பஸ்ஸ விட்டா அட்டைக்கடியோட மலை ஏறி நடந்து தான் வரணும், ஓட்டோவுல வந்தா சொந்தக் காசு.

2016ல அரசாங்கமே எடுத்த சர்வேயில அஞ்சு வயசுக்கு கீழ வயசுக்கேத்த உயரம் இல்லாத புள்ளைங்க நாடு முழுக்க 17 வீதம், தோட்டத்துல மட்டும் 32. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. மேடையில நாட்டு சராசரிய சொல்லி பெருமைப்படுறப்ப நம்ம புள்ளைங்க அந்த சராசரிக்குள்ளயே காணாம போயிடுதுங்க.

சரி காசே வரலியான்னா வருது. டிக்கோயாவுல இந்தியா 150 கட்டில் ஆஸ்பத்திரி கட்டிக் குடுத்து 2017ல மோடியே வந்து திறந்தாரு. 1990ங்கிற நம்பருக்கு அடிச்சா வர்ற அம்புலன்ஸும் அவங்க உதவியில ஆரம்பிச்சது தான். ரெண்டும் தேவை, குளவி கொட்டுனவங்கள கொழுந்து லொறியில ஏத்திக்கிட்டு ஓடின காலத்த பாத்தவன் நான். ஆனா புள்ள குட்டையா போறத 150 கட்டில் போட்டாலும் நிறுத்த முடியாது, அது தாய் வயித்துல இருக்கிறப்பவும் ரெண்டு வயசுக்குள்ளயும் நடந்து முடிஞ்சிடுது. அதுக்கு வேண்டியது சாப்பாடு, நல்ல தண்ணி, கக்கூஸ், வீடு தேடி வந்து தமிழ்ல பேசுற ஒரு ஆளு. இதுக்கெல்லாம் ரிப்பன் வெட்ட முடியாதே, எந்த மினிஸ்டர் வருவாரு?

இன்னொரு கூத்து, தோட்டத்து சுகாதாரத்துக்கு யாரு பொறுப்புன்னே தெரியாது. 1987ல அரசியலமைப்போட 13வது திருத்தத்தோட சுகாதாரம் மாகாண சபைக்கு போச்சு, 1992ல தோட்டத்த நடத்துறது கம்பெனிக்கு போச்சு. மாகாண சபைய கேட்டா அது தோட்டத்து விசயம்ங்கிறாங்க, தோட்டத்த நடத்துற மனேஜர் துரைய கேட்டா கவுர்மெண்ட்ட கேளுங்கிறாரு, டிஸ்பென்சரி கூரை ஒழுகிக்கிட்டே கெடக்கு.

என் கையில சுகாதார பட்ஜட் இருந்தா மொதல்ல தோட்டத்து பொண்ணுங்களையே எடுத்து மிட்வைஃப் வேலைக்கு படிக்க வைப்பேன், போக்குவரத்துக்கு தனியா காசு ஒதுக்குவேன், பெயின்ட் அடிக்கிறதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். எதுக்கு தமிழ் தமிழ்னு அடிச்சிக்கிறேன்னு கேக்கலாம். அக்கா வயித்துல புள்ளையோட இருந்தப்ப கிளினிக்ல இரும்புச்சத்து வில்லை குடுத்திருக்காங்க, ஒரு நாள் விடாம போட்டிருக்கு, கொழுந்து பறிக்க மலைக்கு போக முந்தி காலையில தேத்தண்ணியோட. தேத்தண்ணி சாயம் அந்த இரும்ப ஒடம்புல சேரவிடாம தடுக்கும்னு நான் சொல்லித் தான் அன்னைக்கு அதுக்கு தெரியும். கொஞ்ச நேரம் புள்ளையோட கார்டையே பாத்துக்கிட்டு இருந்திச்சி, அப்பறம் "அப்ப நான் போட்டதெல்லாம் வீணாடா தம்பி"ன்னு கேட்டிச்சி.