ஐந்து நிமிடம் அம்மா வெளியே இருக்கட்டும்

பெங்களூரில் நம்மவர்கள் மருத்துவரைத் தேடும்போது பட்டத்தைவிட மொழிக்கும் பழக்கத்துக்கும்தான் மதிப்பு அதிகம். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் அம்மாக்கள் நம்பிப் போகும் தமிழ் டாக்டர், பெரும்பாலும் கோயிலிலோ ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலோ அந்த வீட்டாருக்கு ஏற்கெனவே பழக்கமானவராக இருப்பார். அம்மாவுக்குத் தெம்பு தரும் அதே பழக்கம்தான், கூட வரும் பதினாறு வயதுப் பெண்ணின் வாயை அடைத்துவிடுகிறது.

எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஸ்கேனில் சினைப்பை நீர்க்கட்டி என்று வந்தது. சுழற்சியைச் சீராக்கப் பரவலாகத் தரப்படுவது கருத்தடை மாத்திரைதான். டாக்டரம்மா அதன் பேச்சையே எடுக்கவில்லை. "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும், சாமியை வேண்டிக்கோங்க" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் கெட்டவர் அல்லர். மணமாகாத பெண்ணின் கையில் அந்த மாத்திரை இருப்பது பாவம் என்று மனதார நம்புகிறவர், பின்னாளில் என் அண்ணியிடம் அவரே அப்படிச் சொன்னார். வெளிப்படையாக மறுத்திருந்தால் வேறிடம் போயிருப்பார்கள். சொல்லாமல் விட்டதால், அப்படியொரு சிகிச்சை இருப்பதே வெகுநாள் அவளுக்குத் தெரியவில்லை.

அமெரிக்க மருத்துவர்களிடம் எடுக்கப்பட்டு 2007-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், எல்லா வழிகளையும் நோயாளியிடம் சொல்வது கடமை என்றவர்கள் 86 சதவீதம். தாம் ஏற்காத சிகிச்சைக்கு வேறு மருத்துவரிடம் அனுப்புவது கடமை என்றவர்கள் 71 சதவீதம்தான். அப்படி நினைக்காத மீதி மருத்துவர்களிடம் போய்ச் சேரும் பெரியவர்கள் நாலு பேரை விசாரித்துத் தப்பிக்கலாம். பள்ளிப் பிள்ளை யாரை விசாரிக்கும்?

சட்டம் கையைக் கட்டுகிறது என்பார்கள் மருத்துவர்கள். பாதி உண்மை. பதினெட்டு நிறையாதவர்களின் கருக்கலைப்புக்குப் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும், சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவலும் தர வேண்டும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் அவள் யார் என்பதை வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. தன்பாலீர்ப்பை "மாற்றும்" சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையம் தொழில்முறை ஒழுங்கீனமாக அறிவித்ததும் அதே ஆண்டில்தான். பையனை ஜெபத்துக்கும் பரிகாரத்துக்கும் அனுப்பிவைக்கும் டாக்டர்கள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

மேசைமேல் முருகன் படமோ மாதா சொரூபமோ இருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. "இதை நான் எழுதித் தருவதில்லை, இன்னாரிடம் போங்கள்" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். கூடவே, பிள்ளையிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும். அம்மாக்கள் முகம் சுளிப்பார்கள் என்று தயங்கும் மருத்துவர்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் இங்கே இதுதான் வழக்கம் என்று வரவேற்பறையிலேயே எழுதி ஒட்டிவிட்டால் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும்.