ராட் லேவர் அரங்கில் ஒரு தணிக்கை ஆட்சேபணை

(மெல்போர்ன், 25 ஜனவரி 2017. ஆஸ்திரேலிய ஓப்பன், பெண்கள் கால் இறுதி. பார்வையாளர் வரிசையில் இரண்டு சம்பந்தியம்மாக்கள். கல்யாணிக்கு டென்னிஸ் இருந்தால் சோறு தண்ணீர் வேண்டாம். ருக்மணி கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், அவருடைய தணிக்கைக் கண் இன்னும் பணியில் இருக்கிறது. பந்து ஓடும்போது பேசக்கூடாது என்பதால், ஆட்டக்காரிகள் பக்கம் மாறி உட்காரும் 90 வினாடிகளில்தான் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். பெரும்பாலும்.)

ருக்மணி: யாருக்கும் யாருக்கும் போட்டி, சம்பந்தியம்மா?

கல்யாணி: அந்த நெட்டைப் பெண் கரோலினா பிளிஷ்கோவா, செக் நாடு. தரவரிசையில் 5. இந்தப் பக்கம் தொடையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடுகிறாளே, அவள் மிர்யானா லூச்சிச்-பரோனி. குரோஷியா. 79-ஆம் இடம்.

ருக்மணி: வயசு?

கல்யாணி: நெட்டைக்கு 24. இவளுக்கு 34.

ருக்மணி: பத்து வயசு மூத்தவள் 79, சின்னவள் 5? மூப்புப் பட்டியலைத் தயாரித்தது யார்?

கல்யாணி: இங்கே மூப்பெல்லாம் கிடையாது. ஜெயித்தால் புள்ளி. 52 வாரம் போனால் அந்தப் புள்ளியும் காலி.

ருக்மணி: காலியா? ஈட்டிய விடுப்பையே நாங்கள் 240 நாள் சேர்த்து வைத்துக் காசாக்கிக்கொண்டு வந்தோம். இவர்களுக்குச் சங்கம் கிங்கம் எதுவும் இல்லையா?

(பந்து எழும்புகிறது. வாய்கள் மூடுகின்றன. முதல் செட் 6-4, மிர்யானாவுக்கு.)

ருக்மணி: சரி, இந்த அம்மா எப்போது பணியில் சேர்ந்தாள்?

கல்யாணி: 1997. குரோஷியாவில் பிராச் என்று ஒரு தீவு, அதில் போல் என்று ஒரு ஊர். பெரியவர்களுக்கான டபிள்யூ.டி.ஏ., அதாவது பெண்கள் தொழில்முறைப் போட்டியில் அவள் இறங்கியது அதுதான் முதல் தடவை. இறங்கினாள், கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்போது 15 வயசு.

ருக்மணி: 18 முடியாமல் நியமன ஆணை கொடுத்தது எப்படி? இது முதல் ஆட்சேபணை.

கல்யாணி: அதற்கும் முன்னாலேயே 14 வயசில் இளையோர் அமெரிக்க ஓப்பன், இளையோர் ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டையும் ஜெயித்தவள்.

ருக்மணி: கேட்கக் கேட்கக் குற்றம் கூடிக்கொண்டே போகிறதே!

கல்யாணி: கேளுங்கள். 1998-ல் இதே மெல்போர்னில் மார்ட்டினா ஹிங்கிஸோடு சேர்ந்து இரட்டையர் பட்டம். அப்போதும் 16 முடியவில்லை. அதே வருஷம் விம்பிள்டன் கலப்பு இரட்டையர் இறுதிக்குப் போனாள். கூட ஆடியது யார் தெரியுமா? நம் சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி!

ருக்மணி: அட, நம்ம பிள்ளை! ஜெயித்தார்களா?

கல்யாணி: எங்கே! செரினா வில்லியம்ஸும் மேக்ஸ் மிர்னியும் 6-4, 6-4 என்று முடித்துவிட்டார்கள். இன்றைக்கு இவள் ஜெயித்தால் அரையிறுதியில் எதிரே நிற்கப் போவது செரினா அல்லது ஜொஹானா கான்டா.

ருக்மணி: செரினா என்றால் 19 வருஷத்துக் கோப்பு இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று அர்த்தம்.

(முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். ருக்மணி அவரையும் ஒரு ஆட்சேபணையாகப் பார்க்கிறார். இரண்டாவது செட்டில் பிளிஷ்கோவாவின் சர்வீஸ் இடிபோல விழுகிறது. 6-3, செக் பெண்ணுக்கு.)

கல்யாணி: 1999 விம்பிள்டனைச் சொல்ல மறந்துவிட்டேனே! 17 வயசு. மோனிகா செலஸைத் தோற்கடித்தாள். முந்தின வருஷம் இறுதிப் போட்டி ஆடிய நத்தாலி தோசியாவையும் தோற்கடித்தாள். அரையிறுதியில் ஸ்டெஃபி கிராஃப். முதல் செட் இவளுக்குத்தான், 6-6 என்று சமமானதும் ஆடும் டை பிரேக்கில். அப்புறம் கிராஃப் சுதாரித்துக்கொண்டு 6-4, 6-3. நான் அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியாமல் டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

ருக்மணி: நல்ல பதிவேடுதான். அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள்.

கல்யாணி: அடுத்த பக்கம்... 2014 செப்டம்பர். கியூபெக் நகரத்தில் பட்டம். இறுதியில் வீனஸ் வில்லியம்ஸைத் தோற்கடித்தாள்.

ருக்மணி: பக்கம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது போலிருக்கிறது. 1999-க்கு அப்புறம் 2014 எப்படி வரும்?

கல்யாணி: அப்படித்தான் வருகிறது. 1998-ல் போலில் மறுபடியும் வாங்கியதுதான் அதற்கு முந்தின ஒற்றையர் பட்டம். இரண்டுக்கும் நடுவே 16 வருஷம் 4 மாதம். இவ்வளவு இடைவெளி விட்டுப் பட்டம் ஜெயித்தவர் வேறு யாரும் இல்லை.

ருக்மணி: சம்பந்தியம்மா! ஆறு மாசம் சொல்லாமல் கொள்ளாமல் போன ஆளுக்கே நாங்கள் பணிமுறிவு என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம். பதினாறு வருஷமா? விடுப்பு விண்ணப்பம் எங்கே? மருத்துவச் சான்று எங்கே? எங்கே போயிருந்தாள்?

(கல்யாணி கொஞ்சம் தயங்குகிறார். பக்கம் மாறும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.)

கல்யாணி: வீட்டில் அப்பா அடித்தார் என்று அவளே சொல்லியிருக்கிறாள். 1998-ல் அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் இவளுமாக ஊரை விட்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். கோரான் இவானிசெவிச் என்று அவர்கள் ஊர் டென்னிஸ்காரர், அவர்தான் உதவினார். 2000-க்கு அப்புறம் ஆட்டம் தேய்ந்தது. ஊர் ஊராகப் போகவும் பயிற்சிக்கும் பணம் இல்லை. சில வருஷம் எந்தப் போட்டியிலும் பெயரே கிடையாது.

ருக்மணி: ...

கல்யாணி: என்ன, பேச்சையே காணோம்?

ருக்மணி: அந்தப் பக்கங்களைத் தனிக் கோப்பாக வையுங்கள். தணிக்கைக்கு அனுப்ப வேண்டாம்.

கல்யாணி: திரும்பி வந்தபோது யாரும் சிவப்புக் கம்பளம் விரிக்கவில்லை. 2010-ல் விம்பிள்டனில் தகுதிச் சுற்று ஆடித்தான் உள்ளே நுழைந்தாள்.

ருக்மணி: அங்கேதானே 1999-ல் அரையிறுதி ஆடினாள்? அவளையே திரும்ப நுழைவுத் தேர்வு எழுதச் சொன்னார்களா? ஹால் டிக்கெட் கேட்டிருப்பார்கள், படுபாவிகள்.

கல்யாணி: அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. 2014 அமெரிக்க ஓப்பனில் இரண்டாம் நிலை வீராங்கனை ஹாலெப்பை வீட்டுக்கு அனுப்பினாள். அடுத்த வருஷம் பிரெஞ்சு ஓப்பனில் மறுபடியும் அதே ஹாலெப்!

ருக்மணி: பாவம் அந்த ஹாலெப். அது சரி, அதென்ன பரோனி? லூச்சிச்சுக்குப் பின்னால் அது எப்படி ஒட்டிக்கொண்டது?

கல்யாணி: 2011-ல் கல்யாணம். கணவர் பெயர்.

ருக்மணி: பெயர் மாற்றத்துக்கு அரசிதழ் நகல் வேண்டும். இரண்டாவது ஆட்சேபணை. கல்யாணம் ஆனவளை ஆட அனுப்பிய கணவருக்கு என் சார்பில் ஒரு நன்றிக் கடிதம் போடுங்கள்.

(மூன்றாவது செட். 3-4 என்று மிர்யானா பின்தங்கியிருக்கிறாள். மருத்துவ உதவி கேட்டு எழுந்து, ஆடுகளத்தை விட்டே உள்ளே போகிறாள்.)

ருக்மணி: ஐயோ, எங்கே போகிறாள்? மறுபடியும் பதினாறு வருஷமா?

கல்யாணி: மருத்துவ இடைவேளை. காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள்.

ருக்மணி: அதற்கு விதி இடம் கொடுக்கிறதா?

கல்யாணி: கொடுக்கிறது.

ருக்மணி: அப்படியென்றால் நிதானமாகப் போட்டுக்கொண்டு வரட்டும். மருத்துவ விடுப்பை மறுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. இந்தப் போட்டியில் இதுவரை யாரையெல்லாம் ஜெயித்தாள்?

கல்யாணி: மூன்றாம் நிலை ராத்வான்ஸ்காவை 6-3, 6-2. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இங்கே ஒற்றையரில் இதற்கு முன்னால் அவள் ஒரு ஆட்டம் ஜெயித்தது 1998-ல்.

ருக்மணி: அதற்கப்புறம் இந்த வருஷம்தானா? பத்தொன்பது வருஷ நிலுவையை ஒரே வாரத்தில் வசூல் செய்கிறாள் என்று சொல்லுங்கள்!

(மிர்யானா வருகிறாள். 4-4. 5-4. ருக்மணி பந்து ஓடும்போதே எழுந்து நின்று "போடும்மா!" என்கிறார். நடுவர் "ப்ளீஸ்" என்கிறார். கல்யாணி புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கிறார். 6-4. மிர்யானா தரையில் மண்டியிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். அரங்கமே எழுந்து நிற்கிறது.)

கல்யாணி: பதினெட்டு வருஷம் கழித்து கிராண்ட் ஸ்லாம் அரையிறுதி! கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், சம்பந்தியம்மா.

ருக்மணி: வெயில். கண் கூசுகிறது. எவ்வளவு கொடுப்பார்கள்?

கல்யாணி: அரையிறுதிக்கு 8,20,000 ஆஸ்திரேலிய டாலர்.

ருக்மணி: அகவிலைப்படியோடு சேர்த்தா, இல்லாமலா?

(மறுநாள் செரினா 6-2, 6-1 என்று நிலுவைக் கோப்பைத் தன் பக்கமே முடித்துக்கொண்டார். ருக்மணி திருநெல்வேலிக்கும் கல்யாணி சென்னைக்கும் திரும்பினார்கள். மே மாதத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு.)

கல்யாணி: சம்பந்தியம்மா, செய்தி தெரியுமா? மிர்யானா 20-ஆம் இடத்துக்கு வந்துவிட்டாள். அவள் ஆட ஆரம்பித்ததிலிருந்து இதுதான் உச்சம். 1998-ல்கூட 32-தான்.

ருக்மணி: எதிர்பார்த்தேன். ஒரே பதவியில் இருபது வருஷம் முடித்தால் சிறப்பு நிலை கொடுக்க வேண்டும். 1997-ல் சேர்ந்தவள், இப்போது 2017. கணக்குச் சரியாக இருக்கிறது. கருணையெல்லாம் இல்லை, அவளுக்குச் சேர வேண்டியது.

கல்யாணி: இருபது வருஷம் என்றால் தொடர்ச்சியாக இருக்க வேண்டுமே. நடுவில் அந்தப் பணிமுறிவு?

ருக்மணி: எந்தப் பணிமுறிவு? பதிவேட்டில் அப்படி ஒன்றும் இல்லையே. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதே நான்தான்.