மேனர் லார்ட்ஸில் விவசாயம் வீண் வேலையா?

இடைக்கால ஊரைக் கட்டி நடத்தும் கணினி விளையாட்டான மேனர் லார்ட்ஸில் வயல் போடுவதே நேர விரயம், ரொட்டியைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. விளையாட்டின் மண்வள வரைபடம் சிவப்பாக, அதாவது வளம் குறைவாக, இருக்கும் பகுதியில் சரிதான், அங்கே கோதுமையைத் தொடவே வேண்டாம். ஆனால் பச்சையாக இருக்கும் மண்ணை வைத்துக்கொண்டு ரொட்டி வாங்குவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

பெரும்பாலோர் தோற்பது அளவில்தான். ஒரே பெரிய வயலாக வரைந்துவிடுகிறார்கள். அறுவடை முடிந்து, உழுது, விதைக்கிற வேலை முழுக்க குளிருக்கு முன் முடிந்தாக வேண்டும். பெரிய வயல் பாதி உழுதபடியே நின்றுபோகும். நீளமான சிறு வயல்களாகப் பிரித்தால் ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று வேலை நகரும். கனரகக் கலப்பை என்ற மேம்பாடு கிடைத்ததும் காளை மாடு உழ வந்துவிடும், அப்புறம் பயமில்லை.

மூன்று வயல், மூன்று ஆண்டுச் சுழற்சி: ஒன்றில் கோதுமை, ஒன்றில் பார்லி, ஒன்று தரிசு. இது விளையாட்டுக்காகக் கண்டுபிடித்தது இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் குளிர்காலத் தானியம், வசந்தகாலத் தானியம், தரிசு என்று ஊர் நிலத்தையே மூன்றாகப் பிரித்துத்தான் பயிர் செய்தார்கள். தரிசு விட மனமில்லாமல் ஆண்டுதோறும் கோதுமையே போட்டால் வளம் சரிவது வரைபடத்தில் கண்முன்னே தெரியும்.

இன்னொன்று, கதிரை அறுத்தால் மட்டும் ரொட்டி வராது. பண்ணை வீட்டில் கதிரடித்து, காற்றாலையில் மாவாக்கி, அடுப்புக்குப் போக வேண்டும். ‘விளையாட்டில் என் ஊரில் தானியம் குவிந்தும் பசி’ என்பவர்கள் முதலில் ஆலைக்கு ஆள் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.