பாலியல் கல்வி பிள்ளைகளைத் தவறான வழிக்கு இழுக்குமா?

“பள்ளியில் இனப்பெருக்க நலக் கல்வி கற்பித்தால், பிள்ளைகள் சிறு வயதிலேயே பாலுறவில் ஈடுபடத் தொடங்கிவிடுவார்கள்” என்று வாட்ஸ்அப் குழுக்களில் பரவிவரும் செய்தி தவறானது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து, உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட ஐ.நா. அமைப்புகளுடன் இணைந்து யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட திருத்திய வழிகாட்டி, இக்கல்வி பாலுறவையோ, ஆபத்தான நடத்தையையோ, பால்வினை நோய்த்தொற்றையோ அதிகரிப்பதில்லை என்றும், முதல் பாலுறவு தள்ளிப்போவதற்கும் கருத்தடைச் சாதனப் பயன்பாடு உயர்வதற்கும் அது துணைபுரிகிறது என்றும் தெளிவாகக் கூறுகிறது. திருமணம்வரை பாலுறவிலிருந்து விலகியிருக்குமாறு மட்டும் போதிக்கும் திட்டங்கள் அந்த நோக்கத்தைக்கூட நிறைவேற்றவில்லை என்பதும் அதில் உள்ளது. அந்த வாட்ஸ்அப் செய்தியை நல்லெண்ணத்தோடு பகிரும் பெற்றோர் இந்த முடிவுகளை அவசியம் அறிய வேண்டும்.

இந்த அச்சம் புதிதன்று. 2005-இல் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை, 2007-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் எதிர்த்து நிறுத்தின. வேதனை என்னவென்றால், அதே ஆண்டில் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்ற குழந்தைகளில் சுமார் 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் வன்முறைக்கு உள்ளானதாகத் தெரிவித்திருந்தனர்.

வயதுக்கேற்ற கல்வி என்பது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் பாலுறவை விளக்குவதன்று. உடலுறுப்புகளின் பெயர்களையும், விருப்பமில்லாத தொடுதலை மறுக்கலாம் என்பதையும், அதை நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் கற்பிப்பதாகும். மாதவிடாய், கருத்தரிப்பு, நோய்த்தொற்று ஆகியவை வயதுக்கேற்பப் பின்னரே பாடத்தில் சேர்கின்றன.